நயினார் குடிக்காத முப்பத்தோரு பாட்டில்

ஜூன் 9, திங்கள்

காலை 101.2. மதியம் 100. சாயங்காலம் 102.4.

டாக்டர் ரெஹானா சொன்னபடி நோட்டு வாங்கிவிட்டேன். நாற்பது பக்கம் கேட்டேன். கடைக்காரர் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பக்கம்தான் இருக்கிறது என்றார். என் மச்சினன் நயினாருக்கு இன்றோடு பதினேழு நாளாகக் காய்ச்சல். எதனால் என்று யாருக்கும் தெரியவில்லை. "மூணு வேளையும் எவ்வளவு ஜுரம்னு எழுதுங்க. வேற எதைக் கவனிச்சாலும் எழுதுங்க" என்றார் டாக்டர். அந்த இரண்டாவது வாக்கியத்தை என்னிடம் சொல்லியிருக்கக் கூடாது. மின்வாரியத்தில் கணக்கெடுக்கிறவன் நான். வீடு வீடாகப் போய் மீட்டரில் இருக்கும் எண்ணை மட்டும் எழுதிவிட்டு, கண்ணில் பட்ட மற்ற எல்லாவற்றையும் மனசுக்குள்ளேயே போட்டுப் பதினோரு வருஷம் ஆகிறது.

நயினாருக்கு இருபத்திரண்டு வயது. செல்போன் ரிப்பேர் கடையில் வேலை. நான் அவன் அக்கா வடிவின் வீட்டுக்காரன், ஆவுடையப்பன். கல்யாணமாகி மூன்று வருஷமாக மாமனார் வீட்டிலேயே இருக்கிறேன். இதற்குக் கோவில்பட்டியில் ஒரு பெயர் உண்டு, நான் எழுதத் தேவையில்லை. ஆஸ்பத்திரியில் துணைக்கு யார் இருப்பது என்று பேச்சு வந்தபோது மாமாவுக்கு முழங்கால் வலி, அத்தைக்கு ஊசியைப் பார்த்தால் மயக்கம், வடிவு டீச்சர், பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில் லீவு கிடையாது. மீதி இருந்தது நான்.

ஜூன் 10, செவ்வாய்

காலை 100.8. மதியம் 101. சாயங்காலம் 102.

டெங்கு இல்லை. டைபாய்டு இல்லை. மலேரியா இல்லை. எலிக்காய்ச்சல் இல்லை. டி.பி.யும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் அத்தை இசக்கியம்மனுக்கு நன்றி சொல்லிக்கொண்டே வந்தார். ஏதாவது ஒன்று இருந்தால்தானே மருந்து கொடுப்பார்கள் என்றேன். "வாயக் கழுவுங்க மருமகனே" என்றார்.

மாமா பலவேசம் ஓய்வுபெற்ற பி.டி. மாஸ்டர். மனிதனுக்கு வரும் எல்லா நோய்க்கும் காரணம் ஆறு மணிக்கு மேல் எழுந்திருப்பதுதான் என்பது அவர் கட்சி. எங்கள் தெருமுனையில் இருக்கும் ஒயின் ஷாப்பை அகற்றக் கோரும் குழுவுக்கும் அவர்தான் தலைவர். கலெக்டருக்குக் கொடுத்த மனுவில் முதல் கையெழுத்து அவருடையது. இரண்டாவது என்னுடையது. வீட்டோடு இருக்கிறவன் மூன்றாவதாகப் போட முடியாது.

கவனித்தது: நயினார் டம்ளரைப் பிடித்தால் காப்பி அலைகிறது. பேச்சும் கொஞ்சம் குழறுகிறது. ஸ்க்ரூவை எல்லாம் கீழே கொட்டுகிறான் என்று கடை முதலாளி திட்டுவாராம். காய்ச்சல் அசதி என்று பார்த்தால், காய்ச்சலுக்கு முன்னாலேயே இதெல்லாம் உண்டு.

சாயங்காலம் வடிவு வந்து உட்கார்ந்ததும் அரை மணி நேரம் வெளியே போய் வந்தேன். சின்ன வேலை. திரும்பும்போது பாக்கு போட்டுக்கொண்டேன்.

ஜூன் 11, புதன்

காலை 101. மதியம் 101. சாயங்காலம் 101. வயிறு உப்பியிருக்கிறது. கேஸ் என்கிறார் மாமா.

ஜூன் 12, வியாழன்

காலை 100.6. மதியம் 101.8. சாயங்காலம் பார்க்க மறந்துவிட்டது.

கேஸ் இல்லை. ஸ்கேன் எடுத்தார்கள். ஈரல் சுருங்கி முண்டும் முடிச்சுமாக இருக்கிறதாம். வயிற்றில் தண்ணீர் கோத்திருக்கிறதாம். எழுபது வயசுக் குடிகாரருக்கு இருக்கவேண்டிய ஈரல் இது என்று ஸ்கேன் எடுத்தவர் முணுமுணுத்தார், அடுத்த கட்டில்காரர் வரைக்கும் கேட்டது. மஞ்சள்காமாலைக் கிருமி இருக்கிறதா என்று ரத்தத்தில் பார்த்தார்கள். அதுவும் இல்லை.

"குடிப்பீங்களா?" என்று டாக்டர் ரெஹானா நயினாரிடம் கேட்டார்.

"இல்ல மேடம்."

"எப்பவாவது? ஃப்ரெண்ட்ஸோட?"

"ஒரு தடவகூட இல்ல மேடம்."

நாக்கு குழற, நடுங்குகிற கையைப் போர்வைக்குள் ஒளித்துக்கொண்டு சொன்னான். ஏற்றிக்கொண்டு வந்தவன் எப்படிச் சொல்வானோ அச்சு அசலாக அப்படியே இருந்தது. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

வெளியே வந்து டாக்டர் மாமாவிடம் சொன்னார். "இவ்வளவு கெட்டுப்போகணும்னா பத்து வருஷமாவது குடிச்சிருக்கணும் சார். அப்படின்னா பன்னெண்டு வயசுல ஆரம்பிச்சிருக்கணும். எனக்கு இது சரியாப் படல."

"ஆரம்பிச்சிருப்பான் மேடம்" என்றார் மாமா. "ஏழாங்கிளாஸ்லயே டிரில் பீரியடுக்கு ஒளிஞ்ச பயதான்."

ஜூன் 13, வெள்ளி

காலை 101. மதியம் வடிவு எழுதியது, 101.4. சாயங்காலம் 102.

குளிக்க வீட்டுக்குப் போனேன். போயிருக்கக் கூடாது. மாமா முழங்கால் வலியை மறந்து நயினார் அறையில் ஏணி போட்டு ஏறியிருந்தார். கட்டிலில் பழைய செல்போன் மூடிகள், சார்ஜர்கள், ஒரு சீப்பு. ஒன்றும் சிக்காத கோபத்தில் பரண் வரைக்கும் போயிருக்கிறார். பரணின் மூலையில், கிரைண்டர் வந்த அட்டைப்பெட்டிக்குள், பழைய வேட்டி சுற்றி முப்பத்தோரு குவார்ட்டர் பாட்டில். எல்லாம் காலி.

அத்தை சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார். மாமா ஒவ்வொரு பாட்டிலாக எடுத்துத் தரையில் வரிசை கட்டினார், காலை அணிவகுப்புக்கு நிறுத்துகிற மாதிரி.

"என் வீட்டுக்குள்ள மாப்ள" என்றார் கடைசியில். "மனு எழுதுன மேசைக்கு மேல."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பாட்டில்கள் யாருடையவை என்று இந்த நோட்டில் எழுதப்போவதில்லை. வடிவுக்கு நோட்டுகளைத் திருத்துகிற பழக்கம் உண்டு.

ஜூன் 14, சனி

காலை 101.2. மதியம் 100.4. சாயங்காலம் 100.

காய்ச்சலுக்குக் காரணம் தெரிந்துவிட்டது. வயிற்றில் ஊசி போட்டுத் தண்ணீர் எடுத்துப் பார்த்ததில் அதில் கிருமி. ஈரல் கெட்டவர்களுக்கு இப்படி வருமாம். ஊசி மருந்து ஆரம்பித்திருக்கிறார்கள். ஈரல் ஏன் கெட்டது என்பதுதான் கேள்வி என்று டாக்டர் சொல்லி வாய் மூடவில்லை, மாமா கட்டைப்பையோடு உள்ளே வந்தார்.

முப்பத்தொன்றையும் கொண்டுவந்திருந்தார். வாசலில் காவலாளி பையைத் திறந்து பார்த்துவிட்டு, "பெரியவரே, ஆஸ்பத்திரிக்குள்ள இதுக்கு அனுமதி கிடையாது" என்றிருக்கிறார். காலிதான் என்று நிரூபிக்க மாமா இரண்டைக் கவிழ்த்துக் காட்டினாராம். எல்லாவற்றையும் டாக்டர் மேசையில் வைத்து, "சாட்சி வேணும்னீங்களே மேடம்" என்றார். டாக்டர் அப்படிக் கேட்டதே இல்லை.

டாக்டர் பாட்டில்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நீங்க அதே வீட்லதான இருக்கீங்க? அவர் குடிச்சுப் பாத்திருக்கீங்களா?"

"நான் காலைல போனா ராத்திரிதான் வருவேன் மேடம்" என்றேன்.

பொய் இல்லை. கேட்ட கேள்விக்குப் பதிலும் இல்லை. டாக்டர் பெருமூச்சு விட்டு ஃபைலில் ஒரு வரி எழுதினார்.

ஜூன் 15, ஞாயிறு

காலை 99.6. மதியம் 99. சாயங்காலம் 99.2.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் சொந்தக்காரர்கள் ஆப்பிளோடும் அறிவுரையோடும் வந்தார்கள். ஒரு சித்தப்பா, கல்யாணமாகிவிட்டால் சரியாகிவிடும் என்றார். இன்னொருவர், கல்யாணப் பேச்சையே எடுக்காதே, யார் பெண் கொடுப்பார்கள் என்றார். இருவரும் அரை மணி நேரம் சண்டை போட்டார்கள். நயினார் நடுவில் படுத்திருந்தான்.

மாமா குழுத் தலைவர் பதவியை ராஜினாமா செய்துவிட்டார். மதியம் அவர் என் பக்கம் திரும்பி, "மாப்ள, நீரும் நாலு வார்த்த புத்தி சொல்லும். உம்ம மேல அவனுக்கு மரியாதை உண்டு" என்றார். அத்தனை பேர் முன்னால் எப்படி மறுப்பது. சொன்னேன். பத்து நிமிஷம் சொன்னேன். குடி குடியைக் கெடுக்கும் என்றேன், பெற்றவர்களை நினைத்துப் பார் என்றேன். நன்றாகப் பேசியதாக எல்லோரும் சொன்னார்கள். நயினார் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபப் பார்வை இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

மூன்று வேளையும் 98.6.

காய்ச்சல் போய்விட்டது, வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகலாம் என்றார் டாக்டர். பிறகு மாமாவைத் தனியாகக் கூப்பிட்டார். நானும் போனேன். "குடியை இன்னியோட நிறுத்தினா ஈரல் இதோட நிக்க வாய்ப்பிருக்கு. நிறுத்தலைன்னா ரெண்டு வருஷம் தாங்கறதே கஷ்டம்."

மாமா ஏற்கெனவே ஏற்பாடு செய்துவிட்டார். திருநெல்வேலிப் பக்கம் ஒரு குடிமறுவாழ்வு இல்லம். மூன்று மாசம். போன் கிடையாது, வருகிறவர் போகிறவர் கிடையாது, வெளி மருந்து கிடையாது, காலையில் டிரில் உண்டு. டிரில் என்றதும் மாமா முகத்தில் ஒரு வாரத்துக்குப் பிறகு கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

நான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தேன். குடிக்கிறவன் நிறுத்தினால் பிழைப்பான். சரி. குடிக்காதவன் எதை நிறுத்துவான்?

ஜூன் 18, புதன்

காலை 98.4. மதியம் 98.6. சாயங்காலம் 98.4. எனக்குத்தான் உடம்பு சரியில்லை.

ஜூன் 19, வியாழன்

98.4 மூன்று வேளையும். (மதியம் பார்க்கவில்லை. இருக்கும்.)

எழுதிவிடுகிறேன். வடிவு படித்தால் படிக்கட்டும். அந்த முப்பத்தொன்றும் என்னுடையவை.

வாரத்துக்கு ஒரு தடவைதான். விசேஷம் என்றால் இரண்டு. பழைய சாமான் வாங்குகிறவரிடம் காலி பாட்டில்களைக் கடைசியாகப் போட்டது பொங்கலுக்கு, அதாவது ஐந்து மாசத்தில் முப்பத்தொன்று, விசேஷங்கள் அதிகம் உள்ள வருஷம். மாமா வாசலில் ஈசிச்சேர் போட்டு உட்கார்ந்திருப்பார், சத்தம் போடுகிற பையோடு அவரைத் தாண்ட முடியாது. வீட்டில் அவர் தினமும் சோதனை போடாத இடம் நயினார் அறைப் பரண் ஒன்றுதான். அதனால் அங்கே வைத்தேன். அவ்வளவுதான் என் குற்றம் என்று நேற்று வரை நினைத்திருந்தேன்.

இன்று டாக்டரிடம் தனியாகச் சொல்லிவிட முடிவு செய்து மூன்று தடவை போனேன். முதல் தடவை உள்ளே பத்துப் பேர். இரண்டாவது தடவை அவர் சாப்பிடப் போயிருந்தார். மூன்றாவது தடவை நர்சம்மா வழிமறித்து என்ன விஷயம் என்றார். "அந்தப் பாட்டிலெல்லாம் நயினாரோடது இல்லைங்க, என் ஃப்ரெண்ட் ஒருத்தனோடது" என்றேன். இத்தனை தூரம் வந்தும் வாயில் அதுதான் வந்தது. "எல்லா அட்டெண்டரும் இதத்தான் சார் சொல்றாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

திரும்பி வந்து நயினார் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன். கையில் நிற்கவில்லை, நானே ஊட்டினேன்.

"நயினாரு, அந்தப் பாட்டிலு..."

"தெரியும் அத்தான்."

"என்ன தெரியும்?"

"நீங்க பரண்ல பெட்டிய நகத்தும்போது நான் முழிச்சுத்தான் இருப்பேன்."

ஆரஞ்சுச் சுளையைத் தட்டில் வைத்தேன். "பெறவு ஏன்ல சொல்லல?"

"நான் குடிக்கலன்னு சொல்லத்தான செஞ்சேன். யாரும் நம்பல. உங்களுதுன்னு சொல்லிருந்தா நம்பிருப்பாங்க." வார்த்தைகள் மெதுவாக, ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு வந்தன. "அப்பா உங்கள வெளிய போகச் சொல்லிருப்பாரு. அக்காவும் கூட வருவாளா இல்ல இங்கயே இருப்பாளான்னு தெரியல. அதான் விட்டுட்டேன்."

மறுவாழ்வு இல்லத்துக்குப் போகிறாயா என்று கேட்டேன். மூன்று மாசம்தானே அத்தான் என்றான். இரண்டு வருஷம் என்று டாக்டர் சொன்னதை அவனிடம் யாரும் சொல்லவில்லை. முகத்தைக் கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனேன். நிஜமாகவே கழுவவேண்டியிருந்தது.

ஜூன் 20, வெள்ளி

காய்ச்சல் இல்லை.

டிஸ்சார்ஜுக்காக எல்லோரும் வந்திருந்தார்கள். மாமா, அத்தை, அரை நாள் லீவு போட்டு வடிவு. வெளியே மறுவாழ்வு இல்லத்து வேன் நின்றது. டாக்டர் ரெஹானா கடைசியாகக் கட்டுப்பாடுகளைச் சொல்லிக்கொண்டிருந்தார், உப்பு குறைவு, மருந்து, குடி அறவே கூடாது.

"மேடம், அவன் குடிக்கவே இல்ல" என்றேன். "அந்த முப்பத்தொண்ணும் நான் குடிச்சது."

வார்டில் எட்டுக் கட்டில். எட்டுக் கட்டில்காரர்களும் எழுந்து உட்கார்ந்தார்கள்.

மாமா சிரித்தார். "மாப்ளைக்கு இளகுன மனசு மேடம். மச்சினனக் காப்பாத்த தன் தலையில போட்டுக்கிடுதாரு."

இத்தனை நாள் நம்பக்கூடாததை எல்லாம் நம்பியவர், உண்மையை நம்ப மாட்டேன் என்கிறார். என்ன பிராண்டு, எந்தக் கிழமை, எந்தக் கடை, கடையில் எந்த வரிசை என்று எல்லாவற்றையும் சொல்லவேண்டியதாகிவிட்டது. கொஞ்சம் அதிகமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. மூன்றாம் கட்டில்காரர் தலையாட்டி ஆமோதித்தார். மாமாவின் சிரிப்பு மெல்லக் கீழே இறங்கியது.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "ஒரு சொட்டுகூட இவர் குடிச்சதில்லையா? நிச்சயமா?"

"என்னைத் தவிர அந்த வீட்ல யாரும் குடிக்கிறதில்ல மேடம்."

"எத்தனை நாளா இவருக்குக் கை நடுங்குது? பேச்சு எப்ப இருந்து இப்படி?"

"காய்ச்சலுக்கு முன்னாலயே. எழுதி வச்சிருக்கேன்" என்று ஜூன் பத்தாம் தேதியைக் காட்டினேன். படித்துவிட்டுக் கேட்டார், "குடியால வந்த நடுக்கம்னு நினைச்சிட்டேன். இத நான் கேட்ட அன்னைக்கே சொல்லிருக்கக் கூடாதா சார்?" பதிலுக்குக் காத்திருக்காமல், டிஸ்சார்ஜ் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, கண் டாக்டருக்குப் போன் செய்யப் போனார்.

வடிவு என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கையில் இருந்த நோட்டை வாங்கி முதல் பக்கத்தில் இருந்து படித்தாள். "பாக்கு" என்ற இடத்தில் நகத்தால் கோடு போட்டாள். திருப்பிக் கொடுத்துவிட்டு அத்தையை அழைத்துக்கொண்டு போய்விட்டாள்.

மாமா வேன்காரரிடம் போய், "ஆள் மாறிட்டு" என்றார். என்னை ஏற்றி அனுப்பிவிடுவார் என்று நிஜமாகவே பயந்தேன்.

ஜூன் 21, சனி

கண் டாக்டர் விளக்கு வைத்த கருவியில் நயினார் கண்ணைப் பார்த்தார். கருவிழி ஓரத்தில் சுற்றிலும் பழுப்பு வளையம். அத்தை சின்ன வயசிலிருந்து அழகான கண் என்று சொல்லிக்கொண்டிருந்ததில் இப்படி ஒரு வில்லங்கம். டாக்டர் ரெஹானாவும் எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு, பரீட்சை எழுதி முடித்த பெண் மாதிரி மூச்சு விட்டார்.

ஒரு நாள் முழுவதும் வருகிற சிறுநீரை ஒரு துளி விடாமல் ஐந்து லிட்டர் கேனில் பிடிக்கவேண்டும். காவலுக்கு நான். இந்த வீட்டுக்கு நான் நம்பிக்கையோடு காத்துக்கொடுத்த முதல் பொருள் அதுதான்.

ஜூன் 25, புதன்

வியாதிக்குப் பெயர் வில்சன். சாப்பாட்டில் வருகிற செம்பை ஈரல் வெளியே தள்ளவேண்டும். நயினார் ஈரலுக்குப் பிறவியிலேயே அது தெரியாது. சேர்த்துச் சேர்த்து ஈரல் கெட்டு, மிச்சம் மூளைக்கும் கண்ணுக்கும் போயிருக்கிறது. கை நடுக்கமும் குழறலும் அதனால்தான்.

"வில்சனா?" என்றார் மாமா. "எங்க வம்சத்துல வெள்ளைக்காரன் எவனும் கிடையாதே மேடம்."

"சொந்தத்துல கல்யாணமா உங்களுக்கு?"

"ஆமா. அக்கா மக. வெளிய போகவிடல" என்று மாமா நெஞ்சை நிமிர்த்தினார். டாக்டர் விளக்கியதும் அந்த நெஞ்சு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனது. அத்தை, செம்புக் குடத்தில் ஊற்றி வைத்த தண்ணீரால்தான் பிள்ளைக்கு இப்படி ஆகிவிட்டது என்று அழ ஆரம்பித்தார். குடத்தால் வரவில்லை, ஆனால் இனிமேல் குடம் வேண்டாம் என்றார் டாக்டர். அத்தைக்கு முதல் பாதி காதில் விழவில்லை. மருந்து உண்டு, செம்பை வெளியே இழுக்கிற மாத்திரை, ஆயுசுக்கும் சாப்பிடவேண்டும். "மறுவாழ்வு இல்லத்துக்குப் போயிருந்தா?" என்று நான் கேட்டேன். "இந்த மாத்திரை கிடைச்சிருக்காது" என்றார் டாக்டர். மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிறகு டாக்டர் இன்னொன்று சொன்னார். கூடப்பிறந்தவர்களுக்கும் இது இருக்கலாம். நாலில் ஒரு வாய்ப்பு. வடிவையும் பார்க்கவேண்டும்.

ஜூன் 26, வியாழன்

வடிவுக்குக் கண்ணும் ரத்தமும் பார்த்தார்கள். கேனும் கொடுத்தார்கள். முடிவு வர நாலு நாள். அவளுக்கு இருந்து, நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், பத்து வருஷம் கழித்து அவளையும் இதே கட்டிலில் பார்த்திருப்பேன். என்னால் இதற்கு மேல் எழுத முடியவில்லை.

ஜூன் 30, திங்கள்

வடிவுக்கு இல்லை. வடிவுக்கு இல்லை. இரண்டு தடவை எழுதுவதில் தப்பில்லை.

அவளிடம் சொன்னபோது, "சரி" என்றாள். பத்து நாளில் முதல் வார்த்தை.

ஜூலை 2, புதன்

டாக்டர் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசினார். மாத்திரை வேலை செய்யும் என்று நம்பலாம். ஆனால் ஈரல் ரொம்பக் கெட்டிருக்கிறது. ஆறு மாசத்தில் தேறாவிட்டால் மாற்று ஈரல்தான் வழி. இன்னொருவர் ஈரலில் ஒரு பாதியை எடுத்து வைப்பார்கள், கொடுத்தவருக்குத் திரும்ப வளர்ந்துவிடும். யார் கொடுக்கலாம் என்று இப்போதே பார்த்து வைப்பது நல்லது.

மாமா நான் என்றார். அறுபத்து மூன்று வயசு, ஆகாது. தினமும் நாலரை மணிக்கு எழுந்திருக்கிறேன் மேடம் என்றார். அப்பவும் ஆகாது. அத்தைக்குச் சர்க்கரை. வடிவுக்கு பி குரூப், நயினாருக்கு ஓ. நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஊசி என்றாலே ஆகாது, வயிற்றைக் கிழிப்பது என்றால் கேட்கவே வேண்டாம். எழுந்து வெளியே போய்விட வேண்டும் என்றுதான் கால் நினைத்தது.

"நான் ஓ பாசிட்டிவ்" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. ரத்த சொந்தம் இல்லாததால் கமிட்டி அனுமதி வாங்கவேண்டும் என்று டாக்டர் சொன்னார். பிறகு, கொஞ்சம் தயங்கி, "ஆனா உங்க ஈரல் எந்த நிலைமைல இருக்கோ" என்றார். முப்பத்தோரு பாட்டிலும் எல்லோர் கண் முன்னாலும் வந்து வரிசை கட்டி நின்றன.

ஜூலை 4, வெள்ளி

ஸ்கேன் எடுத்தார்கள். லேசாகக் கொழுப்பு. மற்றபடி நல்ல ஈரல்.

குடித்தவனுக்கு ஒன்றுமில்லை. மோரைத் தவிர எதையும் அறியாதவனுக்கு எல்லாம் போயிற்று. ரிப்போர்ட்டை நயினாரிடம் காட்ட எனக்கு வெட்கமாக இருந்தது. அவன் நடுங்குகிற கையில் வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "சர்வீஸ் பண்ணாமலே நல்லா ஓடியிருக்கு அத்தான்" என்றான்.

மூன்று மாசம் தினமும் நடக்கவேண்டும், எடை குறையவேண்டும், இனி ஒரு சொட்டு கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். சீட்டை நான் வாங்குவதற்குள் மாமா வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஜூலை 5, சனி

காலை ஐந்து மணிக்கு மாமா விசில் ஊதி எழுப்பினார். பள்ளிக்கூட மைதானத்தில் பன்னிரண்டு சுற்று. ஏழாவது சுற்றில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் வந்து நின்றார். பாட்டில் விஷயத்துக்குப் பிறகு நேருக்கு நேர் நிற்பது அதுதான் முதல் தடவை.

"மாப்ள" என்றார். "நீரு செஞ்சதுக்கு உம்ம வீட்ட விட்டுத் துரத்திருக்கணும். நீரு சொன்னதுக்கு உம்மக் கும்பிடணும். ரெண்டுல எதச் செய்யன்னு எனக்கு இன்னும் தெரியல." சட்டைப்பையில் இருந்த சீட்டைத் தட்டினார். "ஆனா ஒண்ணு. இன்னைலருந்து அது உம்ம ஈரல் இல்ல. எம் மகனோடது. பாத்துக்கிடும்."

மீதி ஐந்து சுற்றையும் ஓடினேன்.

ஜூலை 10, வியாழன்

இன்று கணக்கெடுப்பு வேலை முடிந்த நாள். கூட வேலை பார்க்கிற மாரித்துரை வண்டியை ஒயின் ஷாப் பக்கம் திருப்பினார். "வாரும் ஓய், இன்னைக்கு நான்" என்றார். வாசல் வரைக்கும் போய்விட்டேன். உள்ளேயிருந்து அந்த வாசம் வந்தது. பொய் சொல்லக்கூடாது, நாக்கில் நீர் ஊறியது. இரண்டு நிமிஷம் நின்றிருப்பேன்.

"இல்ல மாரித்துரை. ஈரலு என்னுது இல்ல. மச்சினனுக்குச் சொன்னது. நான் சும்மா வச்சிருக்கேன்" என்றேன்.

மாரித்துரை என் கண்ணை உற்றுப் பார்த்துவிட்டு, தோளைப் பிடித்து வண்டியில் உட்காரவைத்தார். "ஏற்கெனவே ஏத்திட்டுத்தான் வந்திருக்கீரு. சொல்லிருக்கலாம்லா" என்று பத்திரமாக வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, "அண்ணன் கொஞ்சம் ஒருமாதிரி இருக்காரு, பாத்துக்கோங்க" என்று வடிவிடமும் சொல்லிவிட்டுப் போனார்.

வடிவு கிட்டே வந்து என் வாயை முகர்ந்து பார்த்தாள். இன்னொரு தடவை முகர்ந்தாள். பிறகு வாசல்படியிலேயே என் பக்கத்தில் உட்கார்ந்து, "பயமா இருக்காங்க, ஆபரேசனுக்கு?" என்று கேட்டாள்.

ரொம்ப என்றேன்.